காத்தடிக்கிற இங்கிலாந்து கடற்கரைக்கு நாயைக் கூட்டிட்டுப் போகலாமா?

நீங்க கேட்டது மேலோட்டமா பாத்தா ரூட் கேள்வி மாதிரி இருக்கு. தெற்கு லண்டன் குரோய்டன்லேர்ந்து அக்டோபர் ஆஃப் டெர்ம் பள்ளிக்கூட லீவுல அஞ்சு நாள், விட்பி வழியா நார்தம்பர்லேண்ட் வரைக்கும் கார்ல போறோம், ரெண்டு வயசு காக்கர் ஸ்பானியல் இருக்கா, அங்க காத்து ஆளையே தூக்கும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, கூட்டிட்டுப் போறதா கென்னல்ல (நாய் காப்பகத்துல) விடுறதான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில, "அவ மிரண்டு எங்கயாவது ஓடிட்டா என் பொண்ணு தாங்கமாட்டா"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, உண்மையான கேள்வி அதுதான்னு எனக்குத் தோணுது. ரூட்டையும் சொல்றேன், ஆனா அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுத உக்காந்தேன்.

நான் இந்த வடகிழக்குக் கரையில பதினோரு வருஷமா வெட்னரி நர்ஸ். டாக்டர் இல்ல, மருந்து எழுதிக் கொடுக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது, உங்க நாயை நான் தொட்டுப் பாத்ததும் இல்ல. அதனால காது, இதயம், மூட்டுன்னு ஏற்கனவே ஏதாவது இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி உங்க வெட்கிட்ட (நாய் டாக்டர்கிட்ட) ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. சொந்த ஊரு ஆரல்வாய்மொழி பக்கம், காத்தாலைகளுக்கு நடுவுல வளந்தவ, அதனால காத்தைப் பாத்து பயம் ஒண்ணும் கிடையாது, ஆனா ஊர்ல அடிக்கிற காத்து காஞ்ச காத்து, இங்க அடிக்கிறது ஈரத்தோட வந்து எலும்புக்குள்ள இறங்குற காத்து, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு வந்த முதல் வருஷம் நானே ஏமாந்தேன்.

பதிலை முதல்லயே சொல்லிடுறேன், கூட்டிட்டுப் போங்க. நல்லா சாப்பிடுற, ஓடியாடுற ரெண்டு வயசு காக்கருக்கு காத்து ஒரு பொருட்டே இல்ல, முள்ளுப் புதருக்குள்ள பூந்து பறவை கிளப்புறதுக்குன்னே வளத்த இனம் அது. நாயை காத்து ஒண்ணும் பண்ணாது, ஆனா உங்களுக்கும் நாய்க்கும் நடுவுல இருக்கிற பேச்சை அது வெட்டி விட்டுடும். க்ளினிக்குக்கு வந்து "நாய் காணாம போயிடுச்சு", "பாறையிலேர்ந்து விழுந்துடுச்சு"ன்னு அழுத பலபேர்கிட்ட நான் கேட்ட கதை ஒண்ணேதான், கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. அது திமிர் இல்லங்க. அதுக்குக் கேக்கவே இல்ல.

எங்க நாய் முறுக்கு கதையைச் சொல்றேன் (வால் சுருண்டிருக்கும், அதான் பேரு, பாதி ஸ்பிரிங்கர், மீதி என்னன்னு தெரியாது). வந்த புதுசுல நார்தம்பர்லேண்ட்ல பாம்பரோ பீச்சுல, கோட்டைக்குக் கீழ, ஆள் நடமாட்டமே இல்ல, லீடை அவுத்து விட்டுட்டேன். தரையோட தரையா மணல் பாம்பு மாதிரி ஊர்ந்து போகுது, காத்து எதிர்ல முகத்துல அறையுது. அவ ஒரு அம்பது அடி முன்னாடி திடீர்னு நின்னா. மூக்கை மேல தூக்கினா, ரெண்டு தடவை உறிஞ்சினா, அவ்வளவுதான், ஒரே கோடா ஓட்டம். நான் கத்துறேன், என் குரல் எனக்கே கேக்கல. காரணம் ரொம்ப சிம்பிள், எதிர்காத்துல நாம கத்துற சத்தம் மேல் பக்கமா வளைஞ்சு போயிடும், கொஞ்ச தூரத்துலயே தரையில நிக்கிற காதுக்கு எட்டாது. அதே காத்து முன்னாடி அரை மைல்ல கிடக்கிற எல்லா வாசனையையும் அள்ளிட்டு வந்து அது மூக்குல கொட்டும். அவ கண்டுபிடிச்சது செத்து ஒதுங்கின ஒரு சீல் (கடல்நாய்). அதுமேல உருண்டுட்டுத்தான் வந்தா. மூணு தடவை ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியும் நியூகாசில் வரைக்கும் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினோம். அவளுக்கு அடி எதுவும் இல்ல, அதனால இன்னைக்கு சிரிச்சுக்கிட்டு எழுதுறேன், அந்த சீல் பீச்சுல கிடக்காம பாறை உச்சிக்கு அந்தப் பக்கம் கிடந்திருந்தா இது வேற கதை.

அதனால முதல் வேலை, 10 மீட்டர் லாங் லைன், அதாவது நீளமான லீட் ஒண்ணு வாங்குங்க. அதைக் கழுத்துப் பட்டையில மாட்டாதீங்க, ஹார்னஸ்ல (மார்போட சேத்துப் போடுற பட்டையில) மாட்டுங்க, ஓட்டத்துல திடீர்னு இழுபட்டா கழுத்து தாங்காது. கையில சுத்திக்கவும் கூடாது, விரலை முறிச்சுக்கிட்டு வந்த ஓனர்களைப் பாத்திருக்கேன், அவங்களுக்கு எங்க க்ளினிக்ல வைத்தியம் கிடையாது. தானா சுருளுற லீட் வேண்டவே வேண்டாம், கடற்கரைக் காத்துல அந்த மெல்லிசுக் கயிறு கால்ல சுத்தினா தோலைக் கிழிச்சிடும், பிளாஸ்டிக் டப்பாவைக் கை நழுவ விட்டுட்டீங்கன்னா அது பின்னாடியே கடகடன்னு துரத்தி நாயை இன்னும் வேகமா ஓட வைக்கும். ரெண்டாவது விசில். மனுஷக் குரலைவிட விசில் சத்தம் காத்தைத் துளைச்சுக்கிட்டு போகும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கும், அதுல கோவமோ பதட்டமோ தெரியாது. ஆனா பீச்சுல போய் முதல் தடவையா ஊதினா அதுக்கு என்ன அர்த்தம்னு நாய்க்கு எப்படித் தெரியும், அதனால இன்னும் இருக்கிற வாரங்கள்ல வீட்டுலயே பழக்கணும்.

அவ காத்துக்குப் பயப்படுவாளாங்கிற கேள்வி. இங்க எனக்கு உறுதியாத் தெரிஞ்சது கொஞ்சம், ஊகம் கொஞ்சம். பட்டாசுச் சத்தத்துக்கு ஒளியுற நாய்ங்களுக்கு மத்த திடீர் சத்தங்களும் ஒத்துக்காம போறது சகஜம், இது நல்லாத் தெரிஞ்ச விஷயம். அப்படிப்பட்ட நாயா இருந்தா காத்தைவிட காத்து கிளப்புற சத்தம்தான் தொல்லை, கொடிக்கம்பம் அடிச்சுக்கிறது, துறைமுகத்துல படகுக் கம்பி டிங் டிங்னு தட்டுறது, ராத்திரி காட்டேஜ்ல சிம்னிக்குள்ள ஊளையிடுறது. புயலுக்கு முன்னாடி காத்தழுத்தம் இறங்குறதை நாய் உணர்ந்துதான் நிலைகொள்ளாம அலையுதுன்னு நிறையப் பேர் அடிச்சுச் சொல்வாங்க, எங்க முறுக்கும் அப்படித்தான் வட்டமடிப்பா, ஆனா அது அழுத்தமா, சத்தமா, இல்ல நான் ஜன்னல் ஜன்னலாப் போய்ப் பாக்குறதைப் பாத்து அவளுக்கு வந்த டென்ஷனான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, அதனால அதை உண்மைன்னு உங்க தலையில கட்டமாட்டேன். இன்னொண்ணு, உங்க ட்ரிப் முடியற தேதி நவம்பர் 5, கை ஃபாக்ஸ் ராத்திரி பக்கத்துல வந்தா சின்ன ஊர்லயும் பட்டாசு வெடிப்பாங்க. அவளுக்கு அது ஆகாதுன்னா இப்பவே உங்க வெட்கிட்ட பேசுங்க, கடைசி நாள் ஃபோன் பண்ணா யாராலயும் உருப்படியா ஒண்ணும் செய்ய முடியாது.

கார் விஷயம். ஹைவே கோட்ல (இங்கத்த சாலை விதிப் புத்தகத்துல) விதி 57 நாயைக் கட்டாம கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லுது, சீட் பெல்ட் ஹார்னஸ், கூண்டு, கம்பித் தடுப்பு, எதுவா இருந்தாலும் சரி. அதை மீறுறது மட்டுமே தனிக் குற்றம் இல்லன்னாலும் ஆக்ஸிடென்ட் ஆச்சுன்னா கவனமில்லாம ஓட்டினதுக்கு அதையே சாட்சியா எடுத்துப்பாங்க, இன்சூரன்ஸும் கை விரிக்கலாம். ஆனா நான் அதைவிடப் பயப்படுறது கதவைத்தான். கடலோர கார் பார்க்ல காரை காத்தைப் பாத்த மாதிரி, மூக்கு காத்துக்கு எதிரா இருக்கிற மாதிரி நிறுத்துங்க. முதுகுப் பக்கம் காத்து இருந்து கதவைத் திறந்தீங்கன்னா அது உங்க கையிலேர்ந்து பிடுங்கிட்டு போய் கீலையே வளைச்சிடும், எனக்கு ஒரு தடவை ஆச்சு, 340 பவுண்டு. பணம் போனது போகட்டும், அந்த ரெண்டு செகண்ட்ல நாய் வெளிய. அதனால எங்க வீட்டு ஒழுங்கு இதுதான்: முதல்ல ஒருத்தர் இறங்கி நிக்கணும், உள்ள இருக்கிறவங்க லீடை மாட்டணும், மாட்டியாச்சுன்னு வாய்விட்டுச் சொல்லணும், அதுக்கப்புறம்தான் நாய்ப் பக்கத்துக் கதவோ டிக்கியோ திறக்கணும். மோட்டர்வே சர்வீஸ்லயும் இதேதான். வாந்தி எடுக்கிற நாயா இருந்தா கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரத்துக்கு முன்னாடி சாப்பாட்டை முடிச்சிடுங்க, ரொம்ப மோசம்னா பிரயாண வாந்திக்குன்னே மாரோபிட்டன்ட்னு மாத்திரை இருக்கு, வெட் பாத்து எழுதித் தரணும். நமக்குப் போடுற மாத்திரையைப் பாதியா ஒடைச்சுக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ரூட்டு. குரோய்டன்லேர்ந்து விட்பி கிட்டத்தட்ட 270 மைல், நாயோட நிறுத்தி நிறுத்திப் போனா ஒரு முழு நாள்னு வச்சுக்குங்க. யார்க் தாண்டி ஏ64, மால்டன், பிக்கரிங், அப்புறம் ஏ169 எடுத்து நார்த் யார்க் மூர்ஸ் மேல ஏறுவீங்க. அங்க மரமே இல்லாத மேட்டுல காத்து பக்கவாட்டுல அடிக்கும், கூரைப்பெட்டி வச்சிருந்தா ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குங்க, ரோட்டு மேலயே ஆடு படுத்திருக்கும். ஹோல் ஆஃப் ஹார்கம்னு பெரிய கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் ரோட்டோரமே வரும், நிறுத்திப் பாக்கலாம், ஆடு மேயுற இடம், லீட் போட்டுத்தான்.

எந்த நாள் எங்க போறதுங்கிறதை வானிலை ஆப்ல காத்தோட வேகத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, திசையைப் பாருங்க. இது புதுசா வர்றவங்க யாருமே பாக்கமாட்டேங்கிறாங்க. இங்கிலாந்துல பெரும்பாலும் அட்லாண்டிக்லேர்ந்து வர்ற மேற்கு, தென்மேற்குக் காத்துதான். நீங்க போறது கிழக்குக் கரை, அதனால மேற்குக் காத்து நாள்ல நிலத்தைத் தாண்டி வந்து கடலைப் பாக்க அடிக்கும், அலை அடங்கியிருக்கும், மணல்மேட்டுக்கும் பாறைக்கும் கீழ ஒதுங்கினா காத்தே தெரியாது. பாக்க சாதுவா இருக்கிற இந்த நாள்தான் நாய்க்கு ஆபத்து, ஏன்னா தண்ணில போட்ட பந்தை காத்து கடலுக்குள்ள தள்ளிட்டே போகும், நாயும் விடாம நீந்திட்டே போகும். மேற்குக் காத்து நாள்ல தண்ணிக்குள்ள எதையும் எறியாதீங்க. வடக்கு, வடகிழக்குக் காத்துன்னா கதையே வேற, அந்தப் பக்கம் ஆர்க்டிக் வரைக்கும் தடுக்க எதுவும் இல்ல, அலை நேரா வந்து அறையும். 2021 நவம்பர் 26 ராத்திரி ஆர்வென் புயல் அப்படித்தான் வடக்கிலேர்ந்து வந்துச்சு, நார்தம்பர்லேண்ட்ல பிரிஸ்லி வுட்ல மணிக்கு 98 மைல் பதிவாச்சு, எங்க பக்கம் நாள்கணக்கா கரன்ட் இல்ல, மரம் மரமா சாஞ்சு கிடந்துச்சு. அதனால கடற்கரை வேண்டாம்னு காட்டுக்குள்ள போயிட்டா சேஃப்னும் நெனைக்காதீங்க, மெட் ஆபீஸ் (இங்கத்த வானிலை நிலையம்) மஞ்சள் எச்சரிக்கை காத்துக்குக் கொடுத்திருந்தா மரத்தடியும் ஆகாது. என் சொந்தக் கணக்கு இது, எந்த விதியும் இல்ல: மணிக்கு 30 மைல் வரைக்கும் வீச்சு இருந்தா பீச், 40 தாண்டினா தாழ்வான, மறைவான நடை, 50ன்னா காட்டேஜ்ல உக்காந்து சீட்டு.

விட்பியில மறைவான நடைக்கு எனக்குப் பிடிச்சது சிண்டர் ட்ராக். ஸ்கார்பரோவுக்கும் விட்பிக்கும் ஓடிட்டு 1965ல மூடின ரயில் பாதை, 21 மைல் சொச்சம், நிறைய இடத்துல ரெண்டு பக்கமும் மேடும் புதரும், மேல காத்து ஊளையிட்டாலும் உள்ள நாய் நிம்மதியா மோந்துட்டே வரும். விட்பி அபே (பழைய மடத்தோட இடிபாடு) பாக்க ஊருக்குள்ளேர்ந்து நடந்தா 199 படி ஏறணும், மேல திறந்தவெளி, மூச்சை அடைக்கிற காத்து, ஆனா லீட்ல நாயை உள்ள விடுறாங்க. துறைமுகத்து ரெண்டு நீட்டுக் கல்பாலத்துல மட்டும் கடல் கொந்தளிக்கிற நாள்ல கால் வைக்காதீங்க, அலை மேல ஏறி வரும். ராபின் ஹூட்ஸ் பேவுலேர்ந்து பாகிள் ஹோல் வரைக்கும் மணல்லயே நடக்கலாம், அருமையான நடை, ஆனா ஏத்தத்துல கடல் பாறை அடி வரைக்கும் வந்துடும், திரும்ப வழி இருக்காது.

கடல் ஏத்தம் இறக்கம் பத்தி ஒரு நிமிஷம். ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் 12 மணி 25 நிமிஷம், அதனால தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும், நேத்து பத்து மணிக்கு நடந்த மணல் இன்னைக்கும் பத்து மணிக்கு அப்படியே இருக்கும்னு நம்பக்கூடாது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வர்ற ஏத்தம் ரொம்பப் பெருசு. இதை நம்ம ஆளுங்களுக்கு விளக்கவே வேண்டாம், தீபாவளியை ஒட்டிப் போறீங்கன்னா அது அமாவாசைக் கணக்குதான், காலண்டரைப் பாத்தாலே கடல் எவ்வளவு ஏறும்னு தெரிஞ்சிடும். அதுக்கு மேல காத்தழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைஞ்சா கடல் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும், கரையைப் பாத்து அடிக்கிற காத்தும் சேந்தா அட்டவணையில போட்டதைவிட சீக்கிரமே தண்ணி வந்துடும். ஹோலி ஐலண்ட் தீவுக்குப் போறதா எழுதிருக்கீங்க, அங்க போற ரோடு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடலுக்குள்ள போயிடும். நார்தம்பர்லேண்ட் கவுன்சில் போடுற பாதுகாப்பான நேரப்பட்டியலைப் பாத்துட்டுத்தான் போகணும், எச்சரிக்கை இருந்தும் வருஷா வருஷம் கார்ங்க மாட்டுது. நீங்க காத்து நாள்ல போனா அந்த நேரம் முடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே திரும்பிடுங்க. அதுவும் நாயோட, கூரை மேல ஏறி நிக்கிற நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

நார்தம்பர்லேண்ட்ல கிராஸ்டர்ல காரை விட்டுட்டு டன்ஸ்டன்பரோ கோட்டை வரைக்கும் நடங்க, ஒண்ணேகால் மைல் கிட்ட, புல்தரை, பாறை உச்சி இல்லாம கடலோரமே போகும், அதனால குழந்தையும் நாயுமா போறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதுதான். 1313ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை, இப்ப இடிஞ்ச கோபுரம்தான் மிச்சம், அந்த இடிபாட்டுக்குள்ள காத்து ஊதுற சத்தத்துக்கு முறுக்கு ஒவ்வொரு தடவையும் பதில் குரைப்பா. வழியில ஆடு மாடு மேயும், லீட் கட்டாயம். திரும்பி வந்தா கிராஸ்டர்ல ஓக் மரத் தூள்ல புகை போட்ட மீன் வாசனை ஊரே மணக்கும், நெத்திலிக் கருவாட்டை நெனச்சு ஏங்குற ஆளா இருந்தா அந்த கிப்பர் உங்களுக்குப் பிடிக்கும். பஃபின் பறவை பாக்கணும்னு உங்க பொண்ணு கேட்டா முன்கூட்டியே சொல்லிடுங்க, அது எல்லாம் கோடை முடியறதுக்குள்ளயே கடலுக்குப் போயிடும். அக்டோபர்ல ஒரு லாபம், நிறைய பிரபல பீச்ல மே 1லேர்ந்து செப்டம்பர் 30 வரைக்கும் நாய்க்குத் தடை, அது முடிஞ்சிருக்கும். ஆனா கவுன்சிலுக்கு கவுன்சில் வேற வேற, வாசல்ல இருக்கிற போர்டைப் படிச்சுட்டு இறங்குங்க. கடிகாரத்தை அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னாடி தள்ளிடுவாங்க, அதுக்கப்புறம் சாயங்காலம் நாலரைக்கே இருட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பீச்சுன்னு பிளான் போட்டா பாதிலயே டார்ச் தேடணும்.

சீல் விஷயம் முக்கியம், அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஃபார்ன் தீவுகள்ல கிரே சீல் குட்டி போடுற சீசன். புயல் அடிச்சா வெள்ளை முடியோட குட்டி தனியா கரையில ஒதுங்கும், பாக்க பாவமா இருக்கும், கிட்டப் போகாதீங்க, தண்ணிக்குத் தள்ளாதீங்க, நாயை உடனே லீட்ல இழுத்துக்குங்க. சீல் கடிச்சா புண் ரொம்ப மோசமா சீழ் வைக்கும், மனுஷனுக்கும் சரி நாய்க்கும் சரி.

புயலுக்கு மறுநாள் பீச்சுல என்ன கிடக்குங்கிறதுதான் என் வேலைல நான் அதிகம் பயப்படுற விஷயம். காத்து அடிச்ச ராத்திரிக்கு அடுத்த காலை நாய்க்கு அது கல்யாணப் பந்தி. 2017 கடைசிலயும் 2018 தொடக்கத்துலயும் நார்ஃபோக், சஃபோக் கரையில புயலுக்கு அப்புறம் ஒதுங்கின நட்சத்திர மீன், மீன் எல்லாம் தின்ன நாய்ங்கள்ல ரெண்டு செத்துப் போச்சு, அதுங்க உடம்புல நரம்பை முடக்குற சிப்பி விஷம் இருந்ததை சோதனைல கண்டுபிடிச்சாங்க. இது அரிதுதான், பயந்து சாக வேண்டாம், ஆனா செத்து ஒதுங்கினது எதையும் வாயில வைக்க விடக்கூடாது. இன்னொண்ணு பாமாயில். கப்பல்லேர்ந்து வந்து மெழுகுக் கட்டி மாதிரி வெள்ளையா ஒதுங்கும், கெட்டுப்போன எண்ணெய் நாத்தம் நாய்க்கு அல்வா மாதிரி, தின்னா வாந்தி பேதியோட போகாம கணையம் வீங்கலாம், குடல் அடைக்கலாம். தூண்டில் முள்ளை முழுங்கி வாயிலேர்ந்து தூண்டில் கயிறு தொங்கினா இழுக்கவே இழுக்காதீங்க, ஒட்ட வெட்டாதீங்க, தொங்குறதை அப்படியே விட்டு நேரா வெட்கிட்ட வாங்க. இழுத்துட்டு வந்த கேஸ்லதான் ஆபரேஷன் பெருசாகும்.

கடல் தண்ணியை நாய் குடிக்கும். ரெண்டு வாய்னா பேதியோட போயிடும், நிறையக் குடிச்சா உப்பு ஏறி வாந்தி, தள்ளாட்டம், வலிப்புன்னு போகும், தள்ளாட ஆரம்பிச்சா வீட்டு வைத்தியம் எதுவும் இல்ல, ஆஸ்பத்திரி. நல்ல தண்ணி ரெண்டு லிட்டர் பாட்டில் எப்பவும் பையில இருக்கட்டும், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நீங்களே கூப்பிட்டுக் கொடுங்க. ஈர மணல்ல பந்தைத் திரும்பத் திரும்பக் கவ்வுற நாய் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மணலை முழுங்குது, அது குடல்ல சிமென்ட் மாதிரி சேந்த எக்ஸ்ரேயைப் பாத்திருக்கேன், அதனால பந்துக்குப் பதிலா பெரிய கயிறு பொம்மை கொண்டு போங்க. காத்துல மணல் கண்ணுல அடிச்சா காக்கருக்குக் கொஞ்சம் கூடுதல் தொல்லை, ஸ்டெரைல் சலைன் பாக்கெட் நாலு வாங்கி வச்சுக்குங்க, ஊத்திக் கழுவுங்க, அதுக்கப்புறமும் ஒரு கண்ணை இடுக்கிட்டே இருந்தா அன்னைக்கே காட்டணும், கருவிழியில கீறல் ராத்திரிக்குள்ள புண்ணாயிடும். குளிர்ந்த தண்ணில நீந்தின மறுநாள் காலையில வால் செத்த மாதிரி தொங்கினா பதறாதீங்க, முதுகெலும்பு போச்சுன்னு அழுதுட்டு வருவாங்க, அது குளிர்வால்னு சொல்ற தசைப் பிடிப்பு, முறுக்குக்கு அவ சுருள் வாலே ரெண்டு நாள் நேரா தொங்குச்சு, அப்ப அவ பேரை மாத்தணுமான்னு வீட்ல கேலி. வலி இருக்கும், அதுக்கு மருந்து வெட் தருவாங்க, சில நாள்ல தானா சரியாயிடும்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணில காலையும் வயித்தையும் கழுவி, காதுமடலைத் தூக்கி உள்பக்கம் வரைக்கும் துடைக்கணும். காக்கருக்கு ஈரக்காது சீழ்க்காதுக்கு முதல் படி. ஈரத்தோட காத்துல நின்னா உடம்புச் சூடு வேகமா இறங்கும், ஓடுற வரைக்கும் தெரியாது, நீங்க பெஞ்சுல உக்காந்து சிப்ஸ் சாப்பிடுற அந்த இருபது நிமிஷத்துலதான் நடுங்க ஆரம்பிக்கும். அதுக்கு டவல் துணி கோட்டு ஒண்ணு இருந்தா நல்லது, இல்லன்னா உங்க பழைய டீஷர்ட்டை முன்கால் ரெண்டையும் கையில விட்டு மாட்டி இடுப்புல முடிச்சுப் போடுங்க, பாக்க கோமாளி மாதிரி இருக்கும், வேலை செய்யும். சாப்பாடு பத்தி ஒரே வரி, நம்ம வீட்டுக் கூடையில புளியோதரை, வெங்காயம் போட்டது, உலர்திராட்சை போட்ட கேசரி இருக்கும், டீக்கடை ஸ்கோன்லயும் திராட்சை இருக்கும், திராட்சையும் வெங்காயமும் நாய்க்கு விஷம், உங்க பொண்ணுகிட்ட இதை முன்னாடியே சொல்லி வைங்க.

பாறை உச்சி, தண்ணி ரெண்டுலயும் ஒரே விதி: நாய் விழுந்துட்டாலோ அலை இழுத்துட்டாலோ நீங்க பின்னாடி இறங்கக்கூடாது. 999 கூப்பிட்டு கோஸ்ட்கார்டை (கடலோர மீட்புப் படையை) கேளுங்க, நாய்க்காகக் கூப்பிட்டதுக்கு யாரும் திட்டமாட்டாங்க, நீங்க இறங்கிடக்கூடாதுன்னுதான் அவங்களே கூப்பிடச் சொல்றாங்க. தண்ணின்னா அது ஏறி வர வசதியான இடத்துக்கு நீங்க கரையோட நடந்து போய் அங்கேர்ந்து கூப்பிடுங்க. நிறைய தடவை நாய் தானா வெளிய வந்துடும், தேடிப் போன ஆள்தான் மாட்டுவாரு.

இப்ப அந்தக் கடைசி வரி, ஓடிட்டா. முதல்ல, நாய்க்கு மைக்ரோசிப் போட்டிருப்பீங்க, 2016லேர்ந்து இங்க கட்டாயம், ஆனா அதுல உங்க பழைய ஃபோன் நம்பர் இருக்கா பாருங்க, க்ளினிக்ல நாங்க ஸ்கேன் பண்ணி ஃபோன் போட்டா பாதி நேரம் அந்த நம்பரே இல்லங்குது. சிப் இருக்கிற இடத்தைக் காட்டாது, அது வெறும் நம்பர்தான், ஜிபிஎஸ் காலர் வேற, அதுவும் மொபைல் சிக்னலை நம்பித்தான் இருக்கு, இந்தக் கரையில சிக்னல் வரும் போகும். பட்டையில பேரும் முகவரியும் இருக்கணும்னு சட்டம், கூட மொபைல் நம்பரும் போடுங்க. ஓடிப் போச்சுன்னா எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடாதீங்க, கடைசியா பாத்த இடத்துல ஒருத்தர் நிக்கணும், உங்க கோட்டைத் தரையில போட்டு நில்லுங்க, காத்து எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் உங்க வாசனையும் போகும், நாய் திரும்பி வர்றது பெரும்பாலும் அந்த மூக்கை வச்சுத்தான். இன்னொருத்தர் கார் பார்க்ல. அந்த ஏரியா வெட், கவுன்சில் டாக் வார்டன் (வழிதவறின நாயைப் பிடிக்கிறவர்) ரெண்டு நம்பரையும் கிளம்புறதுக்கு முன்னாடியே ஃபோன்ல போட்டு வைங்க, ராத்திரி எமர்ஜென்சி வெட் கிராமப் பக்கம் ஒரு மணி நேர தூரத்துல இருக்கலாம், அந்த நேரத்துல தேடிட்டு இருக்க முடியாது.

உங்க பொண்ணு பயத்துக்கு என்கிட்ட ஒரே யோசனைதான், அவளை விசில் பொறுப்பாளி ஆக்கிடுங்க. இன்னைக்கே கழுத்துல மாட்டிவிடுங்க. முதல் வாரம் சமையக்கட்டுலேர்ந்து ஊதட்டும், ஊதினதும் வேகவச்ச சிக்கன், ரெண்டாவது வாரம் தோட்டம், மூணாவது வாரம் பார்க்ல லாங் லைனோட, முடிஞ்சா காத்தடிக்கிற நாளாப் பாத்து. விசில் ஊதினா சிக்கன் இல்லாம போகவே கூடாது, சும்மா விளையாட்டுக்கு ஊதவும் கூடாது. துண்டு சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னதா வெட்டுங்க, இல்லன்னா அக்டோபருக்குள்ள அவளுக்கு ஹார்னஸ் பத்தாது.